33-ம் 42-ம் ஒன்றாகும் கணக்கு

மே மாதம் மும்பை செம்பூருக்கும் டெல்லி கரோல் பாகுக்கும் இடையே நடக்கும் எந்தத் தமிழ்க் குடும்பத்து போன் பேச்சிலும் இந்த வழக்கு ஒரு தடவையாவது வந்துவிடும். “இங்க நாப்பத்திரண்டுடா, உங்களுக்கென்ன, முப்பத்திமூணுதானே” என்பார் சித்தப்பா. “சித்தப்பா, நீங்க வந்து தாதர் ஸ்டேஷன் பாலத்துல பத்து நிமிஷம் நின்னு பாருங்க, அப்புறம் பேசலாம்” என்று இங்கிருந்து பதில் போகும்.

இரண்டு பேர் சொல்வதும் நிஜம்தான். மும்பையில் 33 டிகிரி, ஈரப்பதம் 67 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். டெல்லியில் 42 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம். மொபைலில் ‘ஃபீல்ஸ் லைக்’ என்று வருகிறதே, அதற்குப் பின்னால் இருக்கும் வெப்பக் குறியீட்டுச் சூத்திரத்தில் இந்த இரண்டு ஜோடியையும் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் விடை 42தான், தசமத்தில்தான் வித்தியாசம். அப்படியானால் இரண்டு வெக்கையும் ஒன்றா என்றால், அதுவும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். அந்த 33, அந்த 67 எல்லாம் எங்கே, எதை வைத்து, எத்தனை மணிக்கு எடுத்த எண்கள் என்பது முதலில் தெரிய வேண்டும்.

வெப்பநிலை என்று வானிலை ஆய்வு மையம் சொல்வது காற்றின் சூடு. வெயிலின் சூடும் அல்ல, தார் ரோட்டின் சூடும் அல்ல. வெயில் நேராகப் படும் தெர்மாமீட்டர் தன் உடம்பு எவ்வளவு சுட்டது என்றுதான் காட்டும், காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதனால் நான்கு பக்கமும் சாய்வுப் பலகை அடித்த வெள்ளைப் பெட்டி ஒன்றைப் புல்தரையில் கால்மேல் நிறுத்தி, அதற்குள் தெர்மாமீட்டரை வைக்கிறார்கள். தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்து கலங்கரைவிளக்கப் பொறியாளர் வடிவமைத்தது; எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் அப்பா. தெர்மாமீட்டரின் குமிழ் தரையிலிருந்து ஒன்றேகாலிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும். பெட்டியின் கதவு நம்மைப் போலப் பூமத்திய ரேகைக்கு வடக்கே உள்ள நாடுகளில் வடக்கே பார்த்திருக்கும். திறந்து பார்க்கும்போது வெயில் உள்ளே அடிக்கக் கூடாது என்பதற்காக. காற்று புகலாம், வெளிச்சம் புகக் கூடாது. பழைய பம்பாய் வீடுகளின் மர ஷட்டர் ஜன்னல் செய்யும் வேலைதான்.

பெட்டிக்குள் நான்கு தெர்மாமீட்டர். ஒன்று அந்த நேரத்துச் சூட்டுக்கு. ஒன்றின் குமிழில் ஈரத்துணி. மூன்றாவது உச்சத்தைப் பிடித்து வைப்பது: குழாயின் கழுத்தில் ஒரு நெருக்கு இருக்கும், சூட்டில் ஏறிய பாதரசம் தானாக இறங்க முடியாது. பழைய காய்ச்சல் தெர்மாமீட்டரை உதறி இறக்குவோமே, அதே ஏற்பாடு. நான்காவது தாழ்ந்த அளவுக்கு: பாதரசத்துக்குப் பதில் ஆல்கஹால், அதற்குள் குட்டி ஊசி ஒன்று. ஆல்கஹால் இறங்கும்போது ஊசியைக் கூடவே இழுத்துக்கொண்டு போகும், ஏறும்போது அங்கேயே விட்டுவிடும். இதற்கு ஒரு நோய் உண்டு. ஆல்கஹால் ஆவியாகிக் குழாயின் மேல்முனையில் துளியாகத் தங்கிவிட்டால் தண்டின் நீளம் குறைந்து, இல்லாத குளிரைக் காட்டும். அக்கம்பக்கத்து நிலையங்களைவிட ஒரு இடத்தில் மட்டும் இரவுக்கு இரவு ஒன்றிரண்டு டிகிரி குறைவாகப் பதிவானால் முதலில் இந்தத் துளியைத் தேட வேண்டும். இப்போது பல இடங்களில் மின்னணு உணரிகள் வந்துவிட்டன; பெட்டியின் தத்துவம் மட்டும் மாறவில்லை.

முலுண்டு பால்கனியில் மாட்டிய தெர்மாமீட்டர் 37 காட்டும், செய்தியில் 33 என்பார்கள். பால்கனிச் சுவர் மதியம் குடித்த சூட்டைச் சாயங்காலம் கக்குகிறது. பக்கத்து வீட்டு ஏசியின் வெளிப்பெட்டி இரண்டடி தள்ளி ஊதுகிறது. மேலே தகரக் கூரை. அந்த 37 பொய் இல்லை, பால்கனியின் வெப்பநிலை அது. ஊரின் வெப்பநிலை அல்ல. வடக்குப் பார்த்த நிழலில், சுவரை விட்டு ஒரு அடியாவது தள்ளித் தொங்கவிட்டு, ஒரு மேஜை விசிறியைக் கொஞ்ச நேரம் காட்டினால் இரண்டும் நெருங்கி வரும்.

‘மும்பை’ என்று ஒரே எண்ணைச் சொல்வதிலும் சிக்கல் உண்டு. நமக்கு இரண்டு நிலையங்கள்: கொலாபா, சாந்தாக்ரூஸ். கொலாபா வானியலகம் 1826இல் தொடங்கியது. எலெக்ட்ரிக் டிராம் வந்தால் காந்த அளவீடு கெட்டுவிடும் என்பதால் அங்கிருந்த காந்தமானிகளை 1904இல் அலிபாகுக்கு மாற்றினார்கள். அளவெடுப்பவனுக்கு இடம்தான் எல்லாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. கொலாபா தீவின் நுனி, சுற்றிலும் கடல். தண்ணீர் இரவில் சீக்கிரம் ஆறாது என்பதால் ஜனவரி விடியலில் சாந்தாக்ரூஸ் 16, 17 என்று இறங்கும்போது கொலாபா மூன்று டிகிரி மேலேயே நிற்கும். டோம்பிவிலி, பத்லாபூர்ப் பக்கம் இன்னும் கீழே போகும். ‘மும்பையில் குளிர்’ என்று செய்தி வந்தால் எந்த நிலையம் என்று கேட்காமல் ஸ்வெட்டர் எடுக்க வேண்டாம்.

பகல் உச்சத்தை இங்கே தீர்மானிப்பது சூரியனைவிடக் கடல்காற்று. காலை பதினொரு மணிக்கே மேற்கிலிருந்து காற்று திரும்பிவிட்டால் 32, 33இல் அடங்கும். கிழக்குக் காற்று விடாப்பிடியாக நின்று, கடல்காற்று மதியம் இரண்டு மணிவரை தாமதித்தால் மார்ச்சிலேயே 38, 39. வெப்ப அலை என்று அறிவிக்கும் விதியும் இதை ஒட்டியதுதான். சமவெளி நிலையத்தில் உச்சம் குறைந்தது 40ஐத் தொட்டிருக்க வேண்டும், கடலோரத்தில் 37 போதும். கூடவே வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். வழக்கம் என்பது முப்பது வருடச் சராசரி, இப்போது கணக்கில் இருப்பது 1991 முதல் 2020 வரை. மார்ச்சில் சாந்தாக்ரூஸின் வழக்கமான உச்சம் 33ஐ ஒட்டி இருப்பதால் இங்கே 38 வந்தால் அந்தக் கணக்குக்குள் வந்துவிடுகிறது. மே மாத டெல்லிக்கு 38 என்பது சற்று இதமான நாள்.

இனி ஈரப்பதம். அதிகம் குழப்புவது இதுதான். 67 சதவீதம் என்றால் காற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர் என்று அர்த்தமில்லை. அந்தச் சூட்டில் காற்றில் அதிகபட்சம் எவ்வளவு நீராவி இருக்க முடியுமோ அதில் நூற்றுக்கு 67 பங்கு இப்போது இருக்கிறது, அவ்வளவே. அந்த அதிகபட்சம் சூட்டோடு வேகமாக ஏறும்: 20 டிகிரியில் 23.4 ஹெக்டோபாஸ்கல் (நீராவி தரும் அழுத்தத்தின் அலகு), 30இல் 42.4, 33இல் 50.2, 42இல் 82. பதினோரு டிகிரிக்கு ஒருமுறை ஏறக்குறைய இரட்டிக்கிறது. பாத்திரமே பெரிதாகிக்கொண்டு போகும்போது ‘எத்தனை சதவீதம் நிரம்பியது’ என்ற கேள்விக்குத் தனியாக மதிப்பில்லை.

காலையில் 27 டிகிரி, ஈரப்பதம் 89 சதவீதம். மதியம் 33 டிகிரி, 63 சதவீதம். ஈரம் குறைந்துவிட்டது என்று தோன்றும். உண்மையில் நீராவி ஒரு துளியும் குறையவில்லை, இரண்டு வேளையும் 31.7 ஹெக்டோபாஸ்கல்தான். பாத்திரம்தான் வளர்ந்தது. அதேபோல சித்தப்பாவின் 20 சதவீதத்தையும் நம் 67ஐயும் பக்கத்தில் வைத்து மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்று சொல்லக் கூடாது. அங்கே 82இல் ஐந்தில் ஒன்று, 16.4. இங்கே 50.2இல் 67 சதவீதம், 33.7. நம் காற்றில் இரண்டு மடங்கு. எடையில் சொன்னால், மும்பையில் ஒரு கன மீட்டருக்கு 24 கிராம், டெல்லியில் 11 கிராம். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும் தண்ணீர் இங்கே முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. தாராவியில் அப்படி ஓர் அறையில் நான்கைந்து பேர் படுத்தால் மூச்சும் வேர்வையும் சேர்ந்து இன்னும் ஏறும்.

இந்த 33.7ஐ எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? குமிழில் ஈரத்துணி சுற்றிய அந்த இரண்டாவது தெர்மாமீட்டரை வைத்துத்தான். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்ளும், குமிழ் குளிரும். காற்று காய்ந்திருந்தால் நிறையக் குளிரும், ஈரமாக இருந்தால் கொஞ்சம்தான். உலர்குமிழ் 33, ஈரக்குமிழ் 28 என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 டிகிரிக்கு உரிய அதிகபட்ச நீராவி 37.7. இரண்டு தெர்மாமீட்டருக்கும் வித்தியாசம் 5. காற்றழுத்தம் 1005. விசிறி இல்லாத ஸ்டீவன்சன் பெட்டிக்கு உரிய மாறிலி 0.000799. மூன்றையும் பெருக்கினால் 4. அதை 37.7இல் கழித்தால் 33.7. இதை 33 டிகிரியின் அதிகபட்சமான 50.2ஆல் வகுத்தால் 67 சதவீதம். அதிகபட்ச நீராவிக்குப் பட்டியலே அச்சிட்டிருக்கும். இல்லாவிட்டால் மொபைலில் சயன்டிஃபிக் கால்குலேட்டர் போதும். வெப்பநிலையை 17.62ஆல் பெருக்குங்கள்; வெப்பநிலையோடு 243.12ஐக் கூட்டி, வந்த எண்ணால் அதை வகுங்கள். விடைக்கு எக்ஸ்பொனென்ஷியல் (eˣ பொத்தான்) எடுத்து 6.112ஆல் பெருக்குங்கள். மேக்னஸ் சூத்திரம் என்பார்கள்.

வீட்டில் செய்து பார்ப்பவர்கள் தவறுவது துணியில்தான். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், தண்ணீரை இழுக்காது. பழைய வேட்டி கிழிசலைச் சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து அலசிவிட்டுச் சுற்ற வேண்டும். ஒரு சுற்று போதும். கட்டுக்கட்டாகச் சுற்றினால் உள்ளே சூடு தங்கும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுங்கள். கடற்கரைப் பக்கம் காற்றிலேயே உப்பு இருப்பதால் வாரம் ஒருமுறை துணி மாற்றினால்கூட நல்லதுதான். துணி அழுக்கானாலும் காய்ந்தாலும் காற்றோட்டம் இல்லாவிட்டாலும் பிழை ஒரே திசையில்தான் போகும்: குமிழ் சரியாகக் குளிராது, வித்தியாசம் குறையும், ஈரப்பதம் நிஜத்தைவிடக் கூடுதலாகத் தெரியும். கணக்கில் 100 சதவீதம் வந்து, வெளியே வெயில் அடித்தால், துணியைத் தொட்டுப் பாருங்கள்.

சதவீதத்தைவிட எனக்குப் பிடித்த எண் பனிநிலை. காற்றை எத்தனை டிகிரிக்குக் குளிரவைத்தால் அதிலிருக்கும் நீராவி துளியாக ஒட்டத் தொடங்கும் என்பது. 33.7 ஹெக்டோபாஸ்கலுக்கு அது 26 டிகிரி. சூடு ஏறி இறங்கினாலும் நீராவி மாறாதவரை இதுவும் மாறாது, அதனால் ஊருக்கு ஊர் ஒப்பிட நேர்மையான எண். பாதிக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் மனக்கணக்கும் உண்டு: நூறிலிருந்து சதவீதத்தைக் கழித்து, ஐந்தால் வகுத்து, வெப்பநிலையில் கழியுங்கள். 33, 67 என்றால் 26.4 வருகிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு எவர்சில்வர் டம்ளர் போதும். வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, அறைச் சூட்டுத் தண்ணீர் பாதி ஊற்றி, உள்ளே ஒரு தெர்மாமீட்டர். ஐஸைச் சின்னச் சின்னதாக உடைத்து ஒவ்வொன்றாகப் போட்டு, கலக்கிக்கொண்டே இருங்கள். பளபளவென்று முகம் தெரியும் டம்ளரில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒரு புகைமூட்டம் படரும். விரலால் இழுத்தால் கோடு விழும். அந்த நொடியில் தெர்மாமீட்டர் காட்டுவதுதான் பனிநிலை. ஐஸை மொத்தமாகக் கொட்டினால் டம்ளர் பனிநிலையைத் தாண்டிக் கீழே போன பிறகுதான் மூட்டத்தைக் கவனிப்பீர்கள். அதனால் மூட்டம் கண்டதும் ஒரு ஸ்பூன் சாதாரணத் தண்ணீர் விட்டு, அது மறையும் சூட்டையும் குறித்து, இரண்டின் நடுவை எடுப்பது வழக்கம். டம்ளருக்கு மேல் குனிந்து மூச்சு விடக் கூடாது. ஜூன் மாத மும்பையில் நான்கைந்து துண்டு ஐஸிலேயே மூட்டம் வந்துவிடும். டெல்லியின் அந்த 42 டிகிரி மதியத்தில் டம்ளர் 14 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பத மீட்டரை நம்பலாமா என்றால், சோதித்துவிட்டு நம்புங்கள். பாட்டில் மூடியில் சமையல் உப்பு, அதில் சில சொட்டுத் தண்ணீர். உப்பு கரையக் கூடாது, ஈர மணல் போலக் குழைந்திருக்க வேண்டும். மூடியையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடி, ஒரு ராத்திரி விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். உப்பின் குணம் அது. மீட்டர் 81 காட்டினால் அந்த வட்டாரத்தில் ஆறு கழித்துக்கொள்ளுங்கள். அஞ்சறைப்பெட்டி உப்பு மழைக்காலத்தில் நசநசப்பதும் இதே எண்ணால்தான்: காற்று 75ஐத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும்.

இப்போது சித்தப்பாவின் வழக்குக்கு வரலாம். வெப்பக் குறியீட்டின் அடிப்படையை 1979இல் ராபர்ட் ஸ்டெட்மேன் போட்டார்; 1990இல் அமெரிக்க வானிலைச் சேவையின் ரோத்ஃபூஸ் அந்தப் பட்டியலை ஒன்பது உறுப்புள்ள ஒரே சமன்பாடாகச் சுருக்கினார். குறிப்பிட்ட உயரம், எடை, உடை கொண்ட ஒரு ஆள், நிழலில், மெல்லிய காற்றில் நடக்கிறார் என்பது அனுமானம். வெயிலில் நின்றால் எட்டு டிகிரிவரை கூடலாம். ஃபாரன்ஹைட்டில் போட்டுத்தான் கணக்கு. செல்சியஸை அப்படியே திணித்தால் அபத்தமான விடை வரும், இணையத்தில் பகிரப்படும் எக்ஸெல் தாள்களில் இந்தத் தப்பு சகஜம். சில செயலிகள் காற்றின் வேகத்தையும் சேர்த்து வேறு சூத்திரம் போடுகின்றன. ஒரே நேரத்தில் இரண்டு மொபைலில் இரண்டு ‘ஃபீல்ஸ் லைக்’ வந்தால் வியப்பில்லை.

நம் கணக்கில் இரண்டு ஊரும் 42. ஆனால் ஈரக்குமிழைப் பாருங்கள்: மும்பையில் 28, டெல்லியில் சுமார் 24. தண்ணீரை ஆவியாக்கி எவ்வளவு குளிரலாம் என்பதற்கு அதுதான் தரை. டெல்லி வீடுகளில் ஏர் கூலர் ஓடுவது இதனால்தான். 42 டிகிரிக் காற்று ஈரத் தட்டி வழியே போனால், 42க்கும் 24க்கும் உள்ள இடைவெளியில் முக்கால் பங்கு இறங்கும் என்று வைத்தாலும் 28, 29க்கு வந்துவிடும். ஈரப்பதமும் 70ஐ ஒட்டித்தான் நிற்கும். மும்பையில் அதே கூலர் 33ஐ 29க்கு இறக்கி, அறையை 90 சதவீத ஈரத்தில் ஊறப்போடும். டெல்லியிலிருந்து மாற்றலாகி வருபவர்கள் கூலரை லாரியில் ஏற்ற வேண்டாம். அதேநேரம், மின்விசிறி இங்கே உதவும், ஏனென்றால் 33 டிகிரிக் காற்று தோலைவிடக் குளிர்ச்சி. 42 டிகிரியில் விசிறி தோலின் மேல் சூட்டையே கொண்டுவந்து கொட்டுகிறது; வேர்வை காய்வதால்தான் தாங்குகிறோம். அங்கே வேர்வை சுரந்த கையோடு காய்ந்துவிடுவதால் எவ்வளவு தண்ணீர் போனது என்றே தெரியாது. இங்கே சட்டை நனைந்து தெரிகிறது, ஆனால் அந்த வேர்வையால் குளிர்ச்சி குறைவு. ஒரே 42, இரண்டு வேறு துன்பம்.

மழைக்கு வருவோம். பஞ்சாங்கம் வருடப் பலனில் இத்தனை மரக்கால் மழை என்று எழுதும்; மரக்கால் கொள்ளளவு, எத்தனை பரப்புக்கு என்ற கேள்வி உடனே எழும். மில்லிமீட்டர் அந்தக் கேள்வியை ஒழித்துவிடுகிறது. விழுந்த தண்ணீர் ஓடாமல், ஊறாமல், காயாமல் அப்படியே தேங்கினால் எத்தனை உயரம் நிற்கும் என்பதுதான் அது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. என்பது 1 லிட்டர். ஐம்பது சதுர மீட்டர் மொட்டைமாடியில் 20 மி.மீ. பெய்தால் ஆயிரம் லிட்டர், ஒரு சின்டெக்ஸ் தொட்டி.

நம் மழைமானியின் வாய்ப் பரப்பு பெரும்பாலும் 200 சதுர சென்டிமீட்டர், குறுக்களவு 16 செ.மீ.க்கு ஒட்டி, விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில். வீட்டில் செய்ய 16 செ.மீ. வாய் உள்ள புனல் கிடைத்தால் யோகம்: 20 மில்லிலிட்டர் சேர்ந்தால் 1 மி.மீ., மருந்து கொடுக்கும் சிரிஞ்சிலேயே அளக்கலாம். வேறு அளவென்றால் சேர்ந்த மில்லிலிட்டரை 12.73ஆல் பெருக்கி, புனல் வாயின் குறுக்களவை (சென்டிமீட்டரில்) அந்தக் குறுக்களவாலேயே பெருக்கி வந்ததால் வகுத்துக்கொள்ளுங்கள். புனலே வேண்டாம் என்றால் நேர்ச்சுவர் உள்ள டப்பா. ஸ்கேல் வைத்து உயரத்தைப் பார்த்தால் தீர்ந்தது. வாய் அகன்று அடி குறுகிய பக்கெட்டில் அளந்துவிட்டு ‘எங்கள் ஏரியாவில் முப்பது சென்டிமீட்டர்’ என்று சொல்பவர்கள் மழையைவிடப் பக்கெட்டைத்தான் அளக்கிறார்கள். மரமோ சுவரோ இருந்தால் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்தால் காற்று சுவரில் மோதி மேலே எழும்பித் துளிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும், குறைவாகவே சேரும்.

எப்போது அளப்பது என்பது அடுத்த விவகாரம். இந்தியாவில் மழை நாள் காலை 8:30 முதல் மறுநாள் காலை 8:30 வரை. ஆகவே செவ்வாய்க்கிழமை காலை 8:30க்குப் பிறகு பெய்த மழை புதன்கிழமைத் தேதியில் பதிவாகும். 2005 ஜூலை 26 பிற்பகல் தொடங்கிய பேய்மழை பதிவேட்டில் 27ஆம் தேதிக் காலை அளவாக நிற்பது இதனால்தான். சாந்தாக்ரூஸில் 944.2 மி.மீ. 16 செ.மீ. வாய் வழியாக மட்டும் கிட்டத்தட்ட 19 லிட்டர். அதே 24 மணி நேரத்தில் நேர்க்கோட்டில் இருபது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே கொலாபாவில் 73.4 மி.மீ. ‘மும்பையில் எவ்வளவு மழை’ என்று அன்று கேட்டிருந்தால் எந்த எண்ணைச் சொல்வது? சராசரி எடுத்தால் 509. அந்த அளவு இரண்டு நிலையத்திலும் பெய்யவில்லை.

கனமழை என்பது 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல், மிகக் கனமழை 115.6க்கு மேல், 204.4ஐத் தாண்டினால் அதிகனமழை. 2.5 எட்டினால்தான் அது ‘மழை நாள்’. ஆனால் கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர் நிற்குமா என்று அறிய இந்தப் பட்டியல் உதவாது. 70 மி.மீ. நாள் முழுக்கத் தூறினால் குடை போதும். ஒரு மணி நேரத்தில் கொட்டினால் பஸ் நிற்கும். நகரத்தின் பழைய வடிகால் மணிக்கு 25 மி.மீ.க்குக் கட்டியது, புதுப்பித்த இடங்கள் 50க்கு. அதுவும் கடல் ஓதம், அதாவது கடல் மட்டத்தின் தினசரி ஏற்ற இறக்கம், இறங்கியிருக்கும்போது. ஓதத்தைப் பற்றி ஒரு வார்த்தை: ‘4.7 மீட்டர் அலை’ என்று செய்தியில் வருவது அலையின் உயரமே அல்ல. ஓதம் மிகத் தாழும் மட்டத்தைப் பூஜ்யமாக வைத்துச் சொல்லும் நீர்மட்டம். சராசரிக் கடல் மட்டமே அந்தக் கணக்கில் சுமார் 2.5 மீட்டர். அதனால் 4.7 என்பது சராசரியைவிட ஆளுயரத்துக்குச் சற்று அதிகம். கரையில் யாரும் மாடி உயர அலையைப் பார்க்கப் போவதில்லை. வடிகாலின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும், அதுதான் தொல்லை.

தானியங்கி மழைமானியில் சீசா பலகை போல இரண்டு குட்டிக் கிண்ணங்கள். ஒன்று 0.2 அல்லது 0.5 மி.மீ. நிறைந்ததும் கவிழும், மற்றது மேலே வரும், ஒவ்வொரு கவிழ்ப்பும் ஒரு எண்ணிக்கை. கொட்டும் மழையில் கவிழும் நொடியில் விழும் தண்ணீர் கணக்கில் வராது, ஆகவே பெருமழையைக் குறைத்துத்தான் சொல்லும். இன்னொரு எதிரி புறா. எச்சமும் இறகும் புனலை அடைத்தால் மழை நின்ற பிறகும் சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் எண்ணிக்கொண்டிருக்கும். வானம் வெளுத்த பிறகும் ஒரு நிலையம் மட்டும் சீராக 0.2, 0.2 என்று காட்டினால் அது மழை இல்லை, அடைப்பு.

காற்றழுத்தத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். கடல் மட்டத்தருகே எட்டு மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். பதினாலாவது மாடியில் மொபைலின் பாரோமீட்டர் 5 குறைவாகக் காட்டுவது அதனால்தான். 920 மீட்டர் உயரத்து பெங்களூரில் நிஜ அழுத்தம் 910ஐ ஒட்டி. செய்தியில் வருவது கடல் மட்டத்துக்குக் கணக்கிட்டுக் கூட்டிய எண். இன்னொன்று: வெப்பமண்டலத்தில் அழுத்தம் தினமும் காலை, இரவு பத்து மணி வாக்கில் ஏறி, விடியல், சாயங்காலம் நான்கு மணி வாக்கில் இறங்கும், இரண்டு மூன்று அலகு வரை. மதியம் முள் இறங்கியதும் புயல் என்று வாட்ஸாப் அனுப்ப வேண்டாம். நேற்று இதே மணிக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

காற்றை, வீசும் திசையால் அல்ல, வரும் திசையால் சொல்வது வானிலைக்காரர் வழக்கம். தமிழுக்கு இது புதிதில்லை: வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. மும்பைக்கு வந்ததும் இந்தப் பெயர்களின் குணம் தலைகீழாகிவிடும். தமிழ்நாட்டில் மலை தாண்டிக் காய்ந்து வரும் மேல்காற்று சுடும், கடலிலிருந்து வரும் கீழ்க்காற்று தணிக்கும். இங்கே கடல் மேற்கே. சுடுவது கிழக்கு. அளப்பது திறந்த வெளியில் பத்து மீட்டர் உயரத்தில். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே அளந்தால் சந்தின் காற்றுதான் கிடைக்கும். சராசரி எடுப்பதில் ஒரு கண்ணி உண்டு. 350 டிகிரி, 10 டிகிரி, இரண்டுமே வடக்கை ஒட்டியவை. கூட்டி இரண்டால் வகுத்தால் 180, நேர்த் தெற்கு! சொந்தமாக நிலையம் வைத்து நிரல் எழுதுபவர்கள் விழும் முதல் குழி. காற்றை வடக்கு–தெற்கு, கிழக்கு–மேற்கு என்று இரண்டு கூறாகப் பிரித்துச் சராசரி எடுத்து, பிறகு திசையாக மாற்ற வேண்டும்.

மொபைல் செயலி காட்டும் ‘இப்போது 31’ பெரும்பாலும் அளந்தது அல்ல. பல கிலோமீட்டர் அகலமுள்ள சதுரத்துக்குக் கணினி மாதிரி ஒன்று கணித்த எண். மும்பை போன்ற ஒல்லியான நிலத்தில் அந்தச் சதுரத்தின் பாதி கடலில் கிடக்கும். பாந்த்ராவில் பகல் உச்சத்தைக் குறைத்தும் இரவைக் கூட்டியும் காட்டுவதன் காரணம் பலசமயம் அதுதான்.

வடாம் போடும் வீடுகளுக்கு இந்த எண்களில் எது வேண்டும்? நீராவியின் அதிகபட்சத்துக்கும் இருப்புக்கும் உள்ள இடைவெளி. டெல்லியின் அந்த மதியத்தில் 65.6 ஹெக்டோபாஸ்கல், நம் மதியத்தில் 16.5. வெயிலில் வடாமும் சூடேறுவதால் நிஜத்தில் இவ்வளவு மோசமில்லை, ஆனாலும் கரோல் பாகில் ஒரே வெயிலில் காய்வது செம்பூரில் மூன்று நாள் எடுக்கும். பிப்ரவரி, மார்ச்சில் பனிநிலை 15க்குக் கீழே இருந்து, காலையில் கிழக்குக் காற்று என்று பார்த்தால் அரிசிக்கூழ் கிளறலாம். ஏழரை மணிக்குள் பிளாஸ்டிக் ஷீட்டில் பிழிந்துவிட வேண்டும். மதியம் காற்று மேற்கே திரும்பியதும் ஒரு மணி நேரத்துக்குள் பனிநிலை கிடுகிடுவென ஏறும். மேலே காய்ந்த தோல் மறுபடி பிசுபிசுப்பதற்கு முன் ஷீட்டோடு உள்ளே எடுத்து வந்து விசிறிக்குக் கீழே வையுங்கள்.